வருகைப் பதிவுக் கணினி ஏன் திணறுகிறது?

ஒவ்வொரு மாதமும் 5, 6, 7 ஆகிய மூன்று நாட்களில் எங்கள் பட்டான்செரு கிளைக்குத் தனி வேகம் வந்துவிடும். ஐதராபாத் நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், மும்பை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் இது. வேளாண்மை அறிந்தவர்களுக்கு 1972 இல் தொடங்கப்பெற்ற இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தால் தெரிந்த பெயர்; எங்களுக்கோ தொழிற்பேட்டையால். மருந்து, இரசாயனம், இயந்திர பாகங்கள் என்று பல வகை ஆலைகள் எங்கள் வாடிக்கையாளர்கள். மாத முதல் வாரத்தில் அவர்களுடைய ஊதியக் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். ஆயிரம் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் நிறுவனங்கள் மாதம் முடிந்த 7 நாட்களுக்குள் ஊதியம் வழங்க வேண்டும் என்பது 1936 ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் வகுத்த நடைமுறை. 8 ஆம் தேதி காலையில் ஒடிசாவிலும் பீகாரிலும் இருக்கும் குடும்பங்கள் அந்தப் பணத்தை எதிர்பார்த்திருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஒரு மாதம், 6 ஆம் தேதி மாலை 5 மணி கடந்தும் ஒரு தொழிற்கூடத்திலிருந்து கோப்பு வரவில்லை. இயந்திர பாகங்கள் கடையும் அக்கூடத்தில் மூன்று ஷிப்டுகளிலுமாக ஏறக்குறைய 90 பேர் வேலை செய்கின்றனர். உரிமையாளர் கோயம்புத்தூர்க்காரர், பல்லாண்டுகளாக எங்கள் கிளையில் ரொக்கக் கடன் கணக்கு வைத்திருப்பவர். தொலைபேசியில் அழைத்தோம்.

“சார், லிஸ்ட் இன்னும் ரெடி ஆகலீங்க. அட்டெண்டன்ஸ் கம்ப்யூட்டர் மறுபடியும் நின்னு போச்சுங்க. புதுசே வாங்கிடலாம்னு இருக்கேன். சி.சி. அக்கவுண்ட்ல கொஞ்சம் இடம் கிடைக்குமாங்க?”

கடன் கேட்டால் மகிழ வேண்டியது வங்கியாளரின் இயல்பு. ஆயினும் ‘மறுபடியும்’ என்ற சொல் எங்களை உறுத்தியது. மறுநாள் காலையில் இருவர் நேரில் சென்றோம். வணிகவியல் படித்துவிட்டு வங்கிக்கு வந்தவர்களே நாங்கள். ஆனால், கிளைகள் கணினிமயமான காலத்தில் பணியில் சேர்ந்ததால், திணறுகின்ற இயந்திரங்களோடு எங்களுக்கு ஓரளவு பழக்கம் உண்டு.

கணக்கு அறையில் அந்தக் கணினி இருந்தது. வாயிலில் முகம் பார்த்துப் பதிவு செய்யும் கருவி. அதிலிருந்து வருகைப் பதிவுகளைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை இழுத்து, தரவுத்தளத்தில் எழுதி, மாத முடிவில் வேலை நேரத்தையும் மிகைநேரத்தையும் கணக்கிட்டுத் தரும் மென்பொருள் இந்தக் கணினியில் ஓடியது. சில நாட்கள் காலையில் வந்து பார்க்கும்போது திரை உறைந்து கிடக்கும்; அணைத்து மீண்டும் இயக்கினால் சரியாகிவிடும் என்றார் கணக்கர் அம்மையார். மூன்று மாதங்களாக இப்படித்தான் நடந்திருக்கிறது. இம்முறை மாத அறிக்கையை எடுக்க முயன்றபோதும் உறைந்ததால்தான் விஷயம் எங்கள் காது வரை வந்தது.

அறிக்கை ஒருவாறு வந்தது. அதில் ஆறு இரவுகளுக்கு மூன்றாம் ஷிப்ட் தொழிலாளர்கள் உள்ளே வந்த நேரம் இருந்தது. வெளியே சென்ற நேரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களுக்கு மேற்பார்வையாளர் முழு ஷிப்டாக 8 மணி நேரத்தைக் கையால் இட்டுவிடுவார். அதற்கு மேல் எவர் எவ்வளவு நேரம் நின்று வேலை செய்தார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ‘பதிவு விடுபட்டது’ என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தவர்களுக்கு மிகைநேரம் கிடைத்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அந்தத் தெலுங்குப் படிவத்தை வாசிக்க இயலாதவர்கள். அவர்கள் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை.

வாயிற்காவலரின் பதிவேட்டை வரவழைத்து ஒப்பிட்டோம். அந்த ஒரு மாதத்தில் மட்டும் 14 பேருக்கு 61 மணி மிகைநேரம் கணக்கில் ஏறாமல் போயிருந்தது. மிகைநேரத்துக்கு வழக்கமான ஊதியத்தைப் போல் இரு மடங்கு தர வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948 வகுத்திருந்தது. உரிமையாளர் பதிவேட்டைச் சற்று நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். பின்பு கணக்கரைப் பார்த்து, “பட்டியலைக் கையாலேயே போட்டுடுங்கம்மா” என்றார். மாலை 8 மணிக்குக் கோப்பு வந்தது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் சேவை எல்லா நாட்களிலும் 24 மணி நேரமும் அரை மணிக்கு ஒரு தொகுப்பாக நடைபெறுவதால், பிற வங்கிகளில் கணக்கு உள்ளவர்களுக்கும் அன்றிரவே பணம் சென்றது.

ஊதியம் போய்விட்டது, நோய் அங்கேயே இருந்தது. அடுத்த வாரம் அதைத் தேடினோம்.

கணினியின் நினைவகத்தைப் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு எளிதாகச் சொல்ல ஒரு வழி உண்டு. பழைய வணிகர்கள் அன்றாட நடப்பைச் சிட்டையில் குறித்து, பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவார்கள். ரேம் எனப்படும் நினைவகம் சிட்டை, வட்டு பேரேடு. மின்சாரம் நின்றால் சிட்டை அழிந்துவிடும், பேரேடு நிற்கும். மென்பொருள் ஒரு வேலைக்காகச் சிட்டையில் சில பக்கங்களைக் கேட்டு வாங்கும். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். தராமல் வைத்துக்கொண்டு, அடுத்த வேலைக்குப் புதிய பக்கங்களைக் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு நினைவகக் கசிவு என்று பெயர். எங்கள் மொழியில் சொன்னால் அது அனாமத்துக் கணக்கு. ஒவ்வொரு பதிவும் சிறியதுதான். எதிர்ப்பதிவு போட்டு நேர் செய்யாமல் விட்டால், ஒரு நாள் அந்தக் கணக்கே மற்றவற்றை விழுங்கிவிடும்.

ஆகவே, ஒரு நிரல் எவ்வளவு நினைவகம் எடுத்திருக்கிறது என்பதைக் காட்டிலும் அது எப்படி ஏறுகிறது என்பதே கவனிக்கத்தக்கது. விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். முதற்பக்கத்தில் தெரியும் மெமரி என்ற எண் சில வேளைகளில் நம்மை ஏமாற்றும். ஏனெனில், நெருக்கடி வரும்போது விண்டோஸ் ஒரு பகுதியை வட்டுக்கு நகர்த்திவிடும். எண் குறைந்ததுபோல் தோன்றும், கணினியோ மேலும் மெதுவாகும். டீடெயில்ஸ் பக்கத்துக்குச் சென்று, தலைப்பு வரியின் மீது வலது பொத்தானைச் சொடுக்கி, ‘கமிட் சைஸ்’ என்ற பத்தியைச் சேர்த்துக்கொண்டால் நேர்மையான கணக்கு கிடைக்கும். அந்த எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்தில், நாள்தோறும் குறித்த நேரங்களில் எழுதி வாருங்கள் என்று கணக்கர் அம்மையாரிடம் சொன்னோம். அவர் எழுதினார். முதல் நாள் காலை 9 மணிக்கு 310 எம்பி. பிற்பகல் 1 மணிக்கு 790. மாலை 5 மணிக்கு 1,270. மறுநாள் அதே நேரங்களில் 310, 325, 330.

ஒரே மென்பொருள், ஒரே அளவு ஆட்கள். முதல் நாள் மணிக்கு 120 எம்பி ஏறியது, மறுநாள் ஏறக்குறைய ஏறவேயில்லை. வேறுபாடு எங்கே? அம்மையாரிடம் விசாரித்தபோது ஒரு சிறிய செய்தி கிடைத்தது. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக, முதல் நாள் மேற்பார்வையாளர் மென்பொருளின் நேரலைத் திரையைத் திறந்து வைத்திருந்தார். வந்தவர்களின் பெயரையும் நிழற்படத்தையும் காட்டும் அத்திரை நிமிடத்துக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். முகப்பதிவுக் கருவி வந்த பிறகே, அதாவது மூன்று மாதங்களுக்கு முன்புதான், நிழற்படம் சேர்க்கப்பட்டது.

வருகைப் பதிவால் நினைவகம் ஏறுகிறதா, திரையால் ஏறுகிறதா என்பதைப் பிரித்தறிய, எவரும் வருவதும் போவதும் இல்லாத வேளையில் மட்டும் கவனித்தோம். பிற்பகல் 3 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஒருவர்கூடப் பதிவு செய்யவில்லை. திரை திறந்திருந்தபோது அப்போதும் எண் 120 ஏறியது. நிமிடத்துக்கு 2 எம்பி. புதிய படங்களைத் திரையில் ஏற்றும் மென்பொருள் பழைய படங்களை விடுவிக்க மறந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

அப்படியானால் இரவு ஷிப்ட் மட்டும் பலியானது ஏன்? டாஸ்க் மேனேஜரில் அந்த நிரலின் பெயரை அடுத்து 32 பிட் என்று இருந்தது. (சில விண்டோஸ் பதிப்புகளில் இது ‘பிளாட்ஃபார்ம்’ என்ற பத்தியில் தெரியும்.) இவ்வகை நிரல், கணினியில் 8 ஜிபி இருந்தாலும் 16 ஜிபி இருந்தாலும், பொதுவாக 2 ஜிபிக்கு மேல் கையாள இயலாது; அதற்கெனச் சிறப்பாக அமைக்கப்பட்டவை மட்டும் 4 ஜிபி வரை செல்லும். காலை 9 மணிக்கு 310 எம்பியில் தொடங்கி மணிக்கு 120 வீதம் ஏறினால், 2,048 ஐத் தொடப் பதினான்கரை மணி நேரம் ஆகும். அதாவது இரவு பதினொன்றரை. மூன்றாம் ஷிப்டார் 10 மணிக்கு உள்ளே வந்துவிட்டார்கள். அந்தப் பதிவு பேரேடு ஏறிவிட்டது. அவர்கள் காலையில் வெளியேறும்போது மென்பொருள் பாதி உயிரோடு இருந்தது. கருவியிலிருந்து பதிவுகளை இழுக்கும் பகுதி வேலை செய்தது, தரவுத்தளத்தில் எழுதும் பகுதி நினைவகம் இன்றித் தோற்றது. அதோடு, இழுத்தவுடன் கருவியிலுள்ள பதிவை அழித்துவிடுமாறு அமைப்பில் ஒரு கட்டம் குறியிடப்பட்டிருந்தது. கருவியிலும் இல்லை, தரவுத்தளத்திலும் இல்லை. சிட்டையில் மட்டும் இருந்த பக்கங்களை, காலை 9 மணிக்குக் கணினியை அணைத்து இயக்கியபோது அம்மையார் தம்மை அறியாமல் கிழித்தெறிந்துவிட்டார்.

மீண்டும் இயக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதற்கு இலண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று. 1992 அக்டோபர் இறுதியில் இலண்டன் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்பும் பணியைக் கணினியிடம் ஒப்படைத்துப் பெரும் குழப்பத்தைச் சந்தித்தது. பிறகு பணியைக் கணினியும் மனிதருமாகப் பகிர்ந்துகொண்டு சமாளித்து வந்தார்கள். நவம்பர் 4 அன்று அதிகாலை 2 மணிக்குப் பிறகு கணினி மெதுவாகத் தொடங்கி, அடியோடு உறைந்தது. பணியாளர்கள் முன்பு சொல்லித் தரப்பட்டபடி தத்தம் திரைகளை அணைத்து இயக்கிப் பார்த்தார்கள், பயன் இல்லை. மாற்றுக்கென்று இருந்த கணினியும் கைகொடுக்கவில்லை. இறுதியில் காகிதத்துக்கே திரும்பினார்கள். விசாரணையில் தெரிந்த காரணம் மிகச் சிறியது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன் ஒரு நிரலாளர் விட்டுச்சென்ற சிறு பிழையால், ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் சர்வர் கணினியின் நினைவகத்தில் சிறு துளி விடுவிக்கப்படாமல் தங்கியது. மூன்று வாரத்தில் துளிகள் சேர்ந்து நினைவகம் முழுவதும் தீர்ந்துவிட்டது. கசிவு ஓரிடத்தில், அணைத்து இயக்கியது வேறோரிடத்தில்.

தேர்ந்த நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2012 அக்டோபர் 22 அன்று அமேசானின் கணினிச் சேவை அமெரிக்காவின் ஒரு பகுதியில் பல மணி நேரம் பாதிக்கப்பட்டது. சேமிப்பு சர்வர்களின் நலத்தைக் கண்காணித்துத் தகவல் திரட்டுவதற்காக அவற்றில் ஓடிய ஒரு சிறு நிரலின் நினைவகக் கசிவே மூலம். அளப்பதற்காக வைத்த கருவியே அளக்கப்படுவதைச் சாய்த்தது. வேலை நேரத்தைப் பதிவு செய்யும் மென்பொருளும் அவ்வகையைச் சேர்ந்ததுதான். ஒரு மூலையில் இரவு பகலாக ஓடும், எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இடையே ஒரு பழங்கதை. கணினித் துறையின் பெருநிறுவனமாகிய ஐபிஎம் தன் வேர்களில் ஒன்றை வருகைப் பதிவில்தான் கொண்டுள்ளது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நகை வணிகராக இருந்த வில்லார்ட் பண்டி என்பவர், தொழிலாளர் சாவியைச் செருகினால் நேரத்தை அச்சிடும் கடிகாரத்தை உருவாக்கினார். அந்தத் தொழிலின் வழிவந்த நிறுவனம் 1911 இல் வேறு நிறுவனங்களோடு இணைந்தது. இணைந்த நிறுவனம் 1924 இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. அந்தக் கடிகாரத்துக்கு நினைவகம் கிடையாது. அடித்த நேரம் காகிதத்தில் அப்போதே விழுந்துவிடும்.

மீண்டும் பட்டான்செருவுக்கு வருவோம். நினைவகம் அதிகம் எடுப்பதெல்லாம் குற்றம் என்று கொள்ளலாகாது. பல வருகைப் பதிவு மென்பொருட்கள் எஸ்க்யூஎல் சர்வர் என்னும் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றன. அடிக்கடி கேட்கப்படும் தகவல்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டு விரைந்து விடை தருவது அதன் இயல்பு. எடுத்ததை எளிதில் திருப்பித் தராது. ஆனால் ஓர் அளவை எட்டியதும் அங்கேயே நிற்கும். வேண்டுமானால் உச்சவரம்பு ஒன்றை அமைப்பில் நாமே நிர்ணயிக்கலாம். ஏறி நிற்பது வேறு, ஏறிக்கொண்டே போவது வேறு. அந்தத் தொழிற்கூடத்திலும் முதலில் எல்லோரும் தரவுத்தளத்தைத்தான் சந்தேகித்தார்கள். நோட்டுப் புத்தகத்தில் அதன் எண் நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்றதைக் கண்ட பிறகே விட்டார்கள்.

உரிமையாளருக்கு நாங்கள் சொன்ன யோசனைகளில் கணினி வாங்குவது இடம்பெறவில்லை. நேரலைத் திரையைத் தேவைப்படும்போது திறந்து உடனே மூடுவது, மூடுவதைத் தினமும் மாலையில் அம்மையார் உறுதி செய்வது என்பது முதல் ஏற்பாடு. இழுத்தவுடன் அழிக்கும் குறியை அன்றே நீக்கினோம். இது எல்லா வாடிக்கையாளர்களும் தத்தம் அமைப்பில் இன்றே பார்க்க வேண்டியது. கருவிக்கென்று சொந்தச் சேமிப்பு இருக்கிறது. ஊதியப் பட்டியல் சரிபார்க்கப்பட்டு, பணம் சென்று சேர்ந்த பிறகு அழித்தால் போதும். மென்பொருளை விற்ற நிறுவனத்துக்கு வெறுமனே ‘கணினி நின்றுவிடுகிறது’ என்று எழுதாமல், மணிவாரியான எண்கள், நிரலின் பதிப்பு எண், திரை திறந்த நாள், மூடிய நாள் ஆகியவற்றைச் சேர்த்து எழுதச் சொன்னோம். முன்பு மூன்று முறை புகார் செய்தபோது ரேம் கூட்டுங்கள் என்றே பதில் வந்ததாம். ரேம் கூட்டியிருந்தாலும் 32 பிட் நிரல் அதே பதினொன்றரை மணிக்குத்தான் விழுந்திருக்கும். எண்களோடு எழுதியபோது பிழையை ஒப்புக்கொண்டார்கள். திருத்திய பதிப்பு சில வாரங்களில் வந்தது. அது வந்த பின்னும் ஒரு வாரம் எண்களை எழுதிப் பார்த்த பிறகே திரையை நாள் முழுவதும் திறந்து வைக்கத் துணிந்தார்கள்.

வங்கியாளர்கள் என்ற முறையில் எங்களை அதிகம் கலங்கச் செய்தது வேறொன்று. கணினி உறைந்த ஒரு நாளில், உரிமையாளரின் உறவினரான இளைஞர் இணையத்தில் ‘உதவி எண்’ ஒன்றைத் தேடி அழைத்திருக்கிறார். மறுமுனையில் பேசியவர் தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லியிருக்கிறார். நல்லவேளையாக, நிறுவுவதற்கான கடவுச்சொல் இளைஞரிடம் இல்லை. அதே கணினியில்தான் நிறுவனத்தின் இணைய வங்கிச் சேவையும் நடைபெற்று வந்தது. திணறுகின்ற கணினியின் முன் அவசரத்தோடு அமர்ந்திருப்பவரை ஏமாற்றுவது மோசடிக்காரர்களுக்கு எளிது. மென்பொருள் விற்பனையாளரின் எண்ணை விலைப்பட்டியலிலிருந்தே எடுங்கள். தேடல் முடிவுகளிலிருந்து எடுக்காதீர்கள். முன்பின் அறியாதவர் சொல்லி எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள். வருகைப் பதிவுக்கு ஒரு கணினி, வங்கிப் பணிக்கு மற்றொன்று என்று பிரிக்க முடிந்தால் மிக நன்று. பணம் போய்விட்டதென்று ஐயம் எழுந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்து, உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள். இக்கட்டுரையின் மற்ற பகுதிகளை மறந்தாலும் அந்த நான்கு இலக்கங்களை மறவாதீர்கள்.

முந்தைய இரண்டு மாதங்களின் காவலர் பதிவேடுகளையும் உரிமையாளர் எடுத்துப் பார்க்கச் செய்தார். அதற்கு எட்டு நாட்கள் ஆயின. ஒரு மாதத்தின் பதிவேட்டில் சில பக்கங்கள் மழைநீரில் ஊறிப் போயிருந்ததால், அந்த நாட்களுக்குத் தொழிலாளர்கள் சொன்ன நேரத்தையே ஏற்றுக்கொண்டார். பட்டியலில் இருந்த 14 பேரில் இருவர் அதற்குள் வேலையை விட்டுச் சொந்த ஊர் போய்விட்டனர். அவர்களுடைய வங்கிக் கணக்கு எண்கள் பழைய ஊதியக் கோப்பில் இருந்தன.

அடுத்த மாதம் 6 ஆம் தேதி பிற்பகல் 4 மணிக்குக் கோப்பு வந்தது. வழக்கமான வரிகளுக்குக் கீழே ‘மிகைநேர நிலுவை’ என்ற தலைப்பில் 14 வரிகள் கூடுதலாக இருந்தன. அவற்றில் இரண்டு, ஒடிசாவிலுள்ள வேறு வங்கியின் கிளைகளுக்கு. ஐந்து மணிக்கு முன் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டோம்.